பாட்டு வரியிலிருந்து ஒரு முகம்: உருவப்படத்தை எங்கிருந்து தொடங்குவது?

பிடித்த பாட்டு ஒன்றை மனத்தில் வைத்து, அதன் உணர்வு தெரியும்படி ஒருவரை உருவப்படம் எடுக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் இடத்தையும் உடையையும் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பாட்டில் எதைப் படமாக்கப் போகிறோம்? வரியில் சொல்லப்படும் பொருளையும் செயலையும் அப்படியே காட்டலாம். அந்த வரி நடக்கும் இடத்தையும் பொழுதையும் கொண்டு படத்தை அமைக்கலாம். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, வரியைச் சொல்பவரின் மனநிலையை முகத்திலும் கையிலும் மட்டும் தேடலாம். மூன்று வழிகளுக்கும் செலவு வேறு, தேவைப்படும் பொறுமை வேறு, கடைசியில் கையில் கிடைக்கும் படமும் வேறு.

இந்தப் பிரிவினை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. அகப்பாடல்களைப் பற்றிப் பேசும் தொல்காப்பியம், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், பாட்டுக்கு உயிராக நிற்கும் மனநிலையை உரிப்பொருள் என்றும் வகுக்கிறது. பாடலுக்குள் வரும்போது முதற்பொருளை விடக் கருப்பொருளும், கருப்பொருளை விட உரிப்பொருளும் சிறந்து நிற்கும் என்று உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். கவிதைக்குச் சொன்ன அந்த வரிசை கேமராவுக்கும் பொருந்துகிறது என்பதே என் எண்ணம். ஆனால் மற்ற இரண்டு வழிகளுக்கும் தனித்த வலிமை உண்டு. அவற்றை எடை போடாமல் ஒதுக்குவது சரியாகாது.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு வரியை நானே எழுதிக்கொள்கிறேன்: “விளக்கை அணைக்காதே, வாசல் இன்னும் தூங்கவில்லை.” இந்த வரிக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள். வீடு திரும்பாத ஒருவர், அவருக்காகக் காத்திருக்கும் ஒருவர், விளக்கை அணைக்கக் கை நீட்டும் மற்றொருவர். எந்த வழியில் போனாலும், இந்த மூவரில் நம் முன்னே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பொருளைக் காட்டும் வழியில், விளக்கு ஒன்று ஏற்றி, வாசற்படியில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, அவர் பார்வையைத் தெருப் பக்கம் திருப்பினால் போதும். பார்ப்பவருக்கு உடனே புரியும். படம் எடுக்கப் பழகிக்கொண்டிருப்பவருக்கும், கேமரா முன் கூச்சப்படுபவருக்கும் இது நல்ல தொடக்கம். கையில் ஒரு பொருளும் செய்ய ஒரு வேலையும் இருந்தால் உடம்பின் இறுக்கம் தளர்ந்துவிடும். திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புகளிலும் பாடல் தொகுப்புகளின் அட்டைப் படங்களிலும் இந்த வழியே அதிகம் புழங்குவதற்குக் காரணம் இதுதான். இதன் குறை, வரி சொன்னதையே படமும் திருப்பிச் சொல்லிவிட்டு நின்றுவிடுவது. விளக்கு என்று பாட்டில் வந்தது, படத்தில் விளக்கு இருக்கிறது. இரண்டாம் முறை பார்க்க அதில் என்ன மிச்சம்?

இந்த வழியின் எல்லையை 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் படங்களில் தெளிவாகக் காணலாம். ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆர்தர் மன்னனைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதைகளுக்கு 1874-75 ஆண்டுகளில் கேமரன் படங்கள் எடுத்தார். வீட்டாரையும் நண்பர்களையும் வேடமிட வைத்தார். அவருடைய கணவரே மந்திரவாதி மெர்லினாக நின்றார். மன்னனின் இறுதிப் பயணத்தைக் காட்ட ஒரு படகை வைத்து, மஸ்லின் துணியை விரித்து அதை நீராக்கினார். அவருடைய உழைப்பும் துணிச்சலும் வியக்கத் தக்கவை. ஆனாலும் 1867இல் தம் சகோதரியின் மகள் ஜூலியா ஜாக்சனை எந்த வேடமும் பொருளும் இல்லாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருங்கி நின்று எடுத்த படத்துக்கு எதிரில் அந்தப் படகுக் காட்சி நாடக மேடை போலத்தான் தெரிகிறது. கவிதையைப் படமாக்குவதற்காகத் திட்டமிட்டு எடுத்ததை விட, எந்தக் கவிதையையும் சொல்லாத முகத்தில் கவிதை கூடுதலாக இருக்கிறது.

இடத்தையும் பொழுதையும் முன்னிறுத்தும் வழி இதை விட நுட்பமானது. காத்திருத்தலுக்கு மாலைப் பொழுதையும் கார்காலத்தையும், பிரிவுக்கு நண்பகலையும் வேனிலையும், ஏங்கி வருந்துவதற்குக் கடற்கரையின் சாயும் பொழுதையும், ஊடலுக்கு விடியலையும் நம் மரபு ஒதுக்கி வைத்திருக்கிறது. இதை ஒரு படப்பிடிப்பு அட்டவணையாகவே பயன்படுத்தலாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். புகைப்படக்காரர்கள் எல்லா உணர்வுக்கும் ‘கோல்டன் ஹவர்’ என்ற பொன் வெயிலையே தேடுவதால், துயர வரிக்கும் காதல் வரிக்கும் ஒரே நிறம் பூசிய படங்கள் குவிகின்றன. பிரிவைச் சொல்லும் வரியை நண்பகலில் எடுத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் கண்குழிகளில் நிழல் விழும், மூக்கின் கீழே கறுப்பு விழும், தரை வெளுத்துக் கண் கூசும். பாடப்புத்தகங்கள் தவிர்க்கச் சொல்லும் அந்தக் குறைகளே, வழியில் நிழலே இல்லாமல் நடந்து போகிறவரின் நிலையைச் சொல்வதற்கு வேண்டியவை.

நம் எடுத்துக்காட்டு வரிக்கு மாலைதான் பொருந்தும். ஆனால் மாலை நம் ஊரில் வேகமாக ஓடிவிடும். சென்னையில் சூரியன் மறைந்த பிறகு, வானத்தில் படம் எடுக்கப் போதுமான வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நிற்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் அதே பொழுது ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நீளும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் திட்டமிடுபவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். உட்காருபவர் உடை மாற்றி, பூ வைத்து, மனம் அமைந்து வருவதற்குள் வானம் கறுத்துவிடும். அதனால் மாலையை நம்பிப் போகிறவர் ஒளியமைப்பை முதல் நாளே அதே நேரத்தில் பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் முகத்துக்காக மட்டும் காத்திருக்க வேண்டும்.

இந்த வழியின் இன்னொரு ஆபத்து, இடம் முகத்தை விழுங்கிவிடுவது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்கள் முன்னால் யாரை நிறுத்தினாலும் அது அந்த ஊரின் துயரப் படமாகிவிடும். நிற்பவருடைய துயரம் அதற்குள் காணாமற் போகும். செட்டிநாட்டு வீட்டு முற்றமும் அப்படித்தான். தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் தங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். இத்தகைய இடங்களுக்குப் போவதென்றால் சுவரின் ஒரு மூலை, தூணின் ஒரு நிழல் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பயணச் செலவையும் அனுமதி வாங்கும் அலைச்சலையும் எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு மூலைக்கு உங்கள் தெருவிலேயே இணை கிடைக்கக்கூடும்.

மூன்றாவது வழிக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் கவனம் மிக அதிகம் வேண்டும். “சோகமாக இருங்கள்” என்று சொல்லி ஒரு முகத்தை வாங்க முடியாது. சொன்னவுடன் புருவம் சுருங்கும், உதடு தொங்கும், அதற்கு மேல் எதுவும் வராது. இதற்கும், உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் பெரிதும் உதவுகிறது. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நந்நான்கு காரணங்களையும் அது தருகிறது. அழுகை, பிறர் இகழ்வதாலும், இழப்பதாலும், இருந்த நிலையிலிருந்து தளர்வதாலும், வறுமையாலும் பிறக்கும். இந்த நான்கு அழுகைக்கும் முகம் ஒன்றல்ல. இகழப்பட்டவரின் முகம் தாழ்ந்தாலும் கழுத்து விறைத்திருக்கும். இழந்தவரின் பார்வை ஓரிடத்தில் நிலைகொள்ளாது. தளர்ந்தவரின் தோள் முன்னால் சரியும். உங்கள் வரி இவற்றில் எந்த அழுகை என்று தெரிந்துகொண்டால், உட்காருபவரிடம் கேட்க வேண்டியது என்ன என்பதும் தெரிந்துவிடும்.

அந்தக் கேட்டலை எப்படிச் செய்வது என்பதற்குப் பரதநாட்டியத்தின் அபிநயத்தில் ஒரு தேர்ந்த முறை இருக்கிறது. பதம் என்ற பாட்டு வகையில் ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் வேறொரு சூழ்நிலையை மனத்தில் கொண்டு அதற்கு முகம் தருவார். நடனக் கலைஞர் பாலசரஸ்வதி உட்கார்ந்த இடத்திலேயே, கையும் கண்ணும் கொண்டு ஒரு வரிக்கு இவ்வாறு பொருள் விரித்ததை நேரில் கண்டவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். வரி மாறாமல் சூழ்நிலை மட்டும் மாறுவதுதான் இதன் சூட்சுமம். நம் வரிக்கே அதைச் செய்து பார்க்கலாம். உட்கார்ந்திருப்பவரிடம், “வெளியூர் போன மகன் இன்றிரவு வருவதாகச் சொன்னான், பஸ் தாமதம்” என்று ஒரு முறை சொல்லுங்கள். “வருவான் என்று நீங்கள் மட்டுமே நம்புகிறீர்கள், வீட்டில் மற்றவர்கள் நம்பவில்லை” என்று அடுத்த முறை. “வந்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை” என்று பிறகு. மூன்றுக்கும் அதே விளக்கு, அதே வாசல். ஆனால் முதலில் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் அந்தத் துணி கையில் இறுகும். மூன்றாவதில் கை அதை மறந்தே போகும். இந்த வேறுபாட்டை எந்த உடையும் பின்னணியும் தராது. நான் படம் எடுக்கும்போது முகத்துக்கு நிகராகக் கையையும் கவனிப்பது இதனால்தான்.

ஆகவே என் தேர்வு, மனநிலையாகிய உரிப்பொருளிலிருந்து தொடங்கி, அதற்கு ஒரு பொழுதைத் தேர்ந்து, கடைசியில் வேண்டுமானால் ஒரே ஒரு பொருளைச் சேர்ப்பது. விளக்கு படத்துக்குள் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. முகத்தின் ஒரு பக்கம் அதன் வெளிச்சம் விழுந்தால் போதும். விளக்கே தெரியாத படத்தில் விளக்கை உணர்கிறவர், வரிக்குள் தாமே நுழைந்துவிடுகிறார். நேரம் குறைவாக இருந்தாலோ, உட்காருபவர் முன்பின் அறியாதவராக இருந்தாலோ, சிறு குழந்தையாக இருந்தாலோ மட்டும் பொருளைக் காட்டும் வழிக்குப் போவேன். குழந்தையிடம் சூழ்நிலை சொல்லிப் பயனில்லை. கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் அது தானே பாட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பாட்டைத் தேர்வதிலும் இதே கேள்விதான் வரும். புகழ்பெற்ற திரைப்பாட்டை எடுத்துக்கொண்டால், அதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் திரையில் கண்ட நடிகரின் முகம் நினைவுக்கு வரும். உட்காருபவர் தம்மையறியாமல் அந்த நடிகரின் சாய்வையும் சிரிப்பையும் கொண்டுவருவார். பார்ப்பவரும் அதோடு ஒப்பிட்டே பார்ப்பார். திரைப்பாட்டுதான் வேண்டுமென்றால் பல்லவியை விட்டுவிட்டுச் சரணத்தில் ஒரு வரியைத் தேடுவது நல்லது. அங்கேதான் கவிஞர்கள் காட்சிக்கு அப்பால் போய்த் தம் சொந்தச் சொல்லை வைத்திருப்பார்கள். நாட்டுப்புறப் பாடல்களுக்கு இந்தச் சுமை இல்லை. தாலாட்டில், குழந்தையை யார் அடித்தார்கள் என்று மாமன், அத்தை என்று உறவுகளை வரிசையாகக் கேட்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கண் குழந்தை மேல் இருக்கிறது, சொல் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர்களுக்குப் போய்ச் சேருகிறது. உருவப்படக்காரருக்கு இதை விட நல்ல இரட்டை நிலை கிடைக்காது. முழுப் பாட்டையும் ஒரு படத்தில் அடைக்க முயல்வது எப்போதும் வீண். முழுப் பாட்டுத்தான் வேண்டும் என்றால் வரிக்கொன்றாக ஐந்தாறு படங்கள் கொண்ட தொடராகத் திட்டமிட வேண்டும். அப்போதும் ஒரே ஆள், ஒரே உடை, ஒரே வெளிச்சம் என்று கட்டுப்படுத்திக்கொண்டால் முகத்தின் மாற்றம் மட்டும் தெளிவாகத் தெரியும்.

பாட்டைப் படப்பிடிப்பின்போது ஒலிக்க விடலாமா என்பது அடுத்தது. ஒலித்தால் கூச்சம் குறையும். ஆனால் உதடு தானாகப் பாடத் தொடங்கும், உடம்பு தாளத்துக்கு ஆடும், பாடிய குரலின் உணர்ச்சியே முகத்தின் உணர்ச்சியாகிவிடும். தொடங்கும் முன்னர் இருவரும் சேர்ந்து ஒரு முறை முழுமையாகக் கேட்டுவிட்டு, பிறகு நிறுத்திவிட்டு, வரியை மட்டும் மெதுவாகச் சொல்லி எடுப்பதையே நான் விரும்புகிறேன். பாட்டு நின்ற பின் வரும் அமைதியில் அது இன்னும் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முகம் திறப்பது அப்போதுதான்.

ஸ்டுடியோவா, வீடா என்றால் வீடு. ஸ்டுடியோவில் வெளிச்சம் நம் கைக்குள் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழக்கமில்லாத இடத்தில் பெரும்பாலானோர் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவது போல உட்காருவார்கள். வீட்டில் நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில், கை நீட்டினால் கம்பியைத் தொடும் தூரத்தில் நாற்காலியைப் போடுங்கள். அங்கிருந்து அரை அடி உள்ளே தள்ளினாலும் நிழலின் ஆழம் மாறும். நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை வைத்தால் முகம் இளகும். அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் இறுகும். இழப்பைச் சொல்லும் வரிக்குத் துணி, ஏக்கத்தைச் சொல்லும் வரிக்குப் பலகை என்று நான் பொதுவாகத் தொடங்கி, பிறகு முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்கிறேன்.

விளக்கொளியிலேயே எடுக்க விரும்பினால் ஒற்றைத் திரி அகல்விளக்கு போதாது. ஐந்து திரியும் ஏற்றிய குத்துவிளக்கை முகத்திலிருந்து அரை மீட்டருக்குள் வைத்து, லென்ஸ் திறப்பு எஃப் 1.8, ஷட்டர் வேகம் 1/60 விநாடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200 என்ற அளவில் தொடங்கலாம். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் தீயின் நிறம் ஏறத்தாழ 1900; நிறத்தைத் தானே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை விட்டால் கேமரா அந்தச் செம்மையைத் திருத்த முயன்று பாட்டையே கெடுத்துவிடும் என்பதால், 3000 கெல்வின் அளவில் நாமே நிறுத்தி வைப்பது நல்லது. இன்னொன்று நம் தோலுக்குரியது. கேமராவின் ஒளியை அளக்கும் மீட்டர் தன் முன் தெரிவதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுத்த முகம் படச் சட்டகத்தை நிறைத்து நிற்கும்போது அதைத் தேவையில்லாமல் வெளுத்துக் காட்டும். ஒளி அளவை (எக்ஸ்போஷரை) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால் தோலின் நிறமும், கன்னத்து எலும்பின் மேல் படியும் ஒளியின் பளபளப்பும் கெடாமல் நிற்கும். அந்தப் பளபளப்பைப் பவுடர் போட்டு மறைக்காதீர்கள்.

லென்ஸைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. முகமே படம் என்றால் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ., சிறிய சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ.; கையும் மடியும் வேண்டுமென்றால் 50 அல்லது 35. நான் கையை விட மனமில்லாததால் 50 மி.மீ. லென்ஸோடுதான் பெரும்பாலும் இருக்கிறேன். செல்போனில் எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோடின் மங்கலை அணைத்துவிட்டு, இரண்டு மடங்கு ஜூமில் ஜன்னலோரம் எடுத்தால் போதுமானது. நிறமா, கறுப்பு வெள்ளையா என்பதை வரியே சொல்லிவிடும். விளக்கொளி போல நிறமே பொருளாக இருக்கும் வரியைக் கறுப்பு வெள்ளையாக்குவது அதன் பாதியை வெட்டி எறிவதற்குச் சமம்.

கடைசியில், வரியைப் படத்தின் மேல் எழுதுவதா வேண்டாமா என்பது. எழுதினால் பார்ப்பவர் முதலில் வாசிப்பார், பிறகு படத்தில் அதைச் சரிபார்ப்பார். முகம் வரிக்கு விளக்கப் படமாக இறங்கிவிடும். கீழே தனியாகத் தருவதையோ, தராமலே விடுவதையோ நான் தேர்வேன். தருவதென்றால் உரிமையைப் பார்க்க வேண்டும். பாட்டின் உணர்வால் தூண்டப்பட்டுப் படம் எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். வரியை அச்சிட்டு வெளியிடுவது வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பாடல் வரிக்கு உரிமை உண்டு. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு அது 2041 முடியும் வரை நீடிக்கும். பாரதியின் பாடல்களை 1949இலேயே அரசு பெற்றுப் பின்னர் பொதுவுடைமையாக்கிவிட்டதால் அங்கே தடையில்லை. பின்னணியில் ஒலிப்பதிவைச் சேர்த்துக் காணொளியாக்கினால் அதற்குத் தனி உரிமை இருக்கிறது. உட்கார்ந்தவரின் சம்மதத்தையும் இரண்டாகக் கேட்க வேண்டும். படத்தை வெளியிட ஒப்புக்கொண்டவர், தம் முகத்தோடு அந்த வரி சேர்ந்து நிற்பதற்கு ஒப்பாமல் இருக்கலாம். அப்போது வரியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வெளியிட வேண்டும்.